இடிந்த கோட்டைகளைத் தேடி ஒல்லாந்தில் ஆறு நாள்

அன்றன்று இரவில் எழுதிவைத்த குறிப்புகளை ஊர் திரும்பிய பின் சீர்ப்படுத்தி இங்கே இடுகிறேன். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர், அதாவது நெதர்லாந்துக்காரர், செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அழுத்தி எடுத்த நிலக்காட்சி அச்சோவியங்களைப் பல ஆண்டுகளாக நகல்களில் பார்த்து வருகிறேன். 1568 முதல் 1648 வரை ஸ்பெயினோடு போரிட்டுக்கொண்டே, ஊருக்கு ஊர் புதிய மண் கொத்தளங்களை எழுப்பிய மக்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய நிலக்காட்சிகளில் அந்தப் புதிய கொத்தளங்களைக் காண்பது அரிது. மரம் முளைத்துக் கூரை இழந்து நிற்கும் பழைய கோட்டைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. காவல் செய்த மதிலை விட்டுவிட்டு, காவல் செய்ய முடியாமற்போன சுவரை ஏன் வரைந்தார்கள்? இந்தக் கேள்வியோடுதான் விமானம் ஏறினேன்.

2024 அக்டோபர் 7, திங்கள். ஆம்ஸ்டர்டாம்

வந்து இறங்கியபோதே மழை பெய்துகொண்டிருந்தது. அதை மழை என்று சொல்வதைவிட, காற்று தன்னோடு தண்ணீரையும் சுமந்துகொண்டு பக்கவாட்டில் ஓடியது என்று சொல்வதே சரி. குடை முதல் பாலத்திலேயே கம்பி மடங்கிப் போயிற்று. அதன்பின் ஆறு நாளும் தலையில் துணித் தொப்பியோடுதான் நடந்தேன்.

அறையில் பையை வைத்துவிட்டு நேரே பாசீர்டர்ஸ் கால்வாய்க்குச் சென்றேன். மெல்லிய தோல் பதனிடுவோர் ஒருகாலத்தில் தொழில் செய்த பகுதி இது, கால்வாயின் பெயரும் அவர்களால் வந்ததுதான். ரெம்பிராண்ட் 1641இல் பொறித்த 'காற்றாலை' என்ற அச்சோவியத்தில் உள்ள ஆலை, இந்தப் பக்கத்தில் நகர மதிலின் கொத்தளம் ஒன்றின்மேல் நின்றது. தோலை மென்மையாக்க மீனெண்ணெய் ஊற்றி இடித்ததால் எழுந்த நாற்றத்தை வைத்து, ஊரார் அதைச் 'சின்ன நாற்ற ஆலை' என்று அழைத்தார்கள். படத்தைப் பார்ப்பவருக்கு நாட்டுப்புறத்தில் தனித்து நிற்கும் ஏழை ஆலை ஒன்றுதான் தெரியும். அது நிற்கும் மேடு பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காகக் கட்டிய மதிலின் பகுதி என்பதை அறிந்தவர்தான் அறிவார்.

இன்று அங்கே மேடு இல்லை. மார்னிக்ஸ் தெரு பழைய மதிலின் தடத்திலேயே வளைந்து செல்கிறது, அதற்கு வெளியே உள்ள சிங்கல் கால்வாய் அன்றைய அகழி. 1660களில் நகரம் விரிவடைந்து முடிந்தபோது இந்த மதிலில் 26 கொத்தளங்கள் இருந்தன. உயரமான, காற்றுத் தடைபடாத இடம் வேறு இல்லாததால், அவற்றின்மேல் ஆலைகளை நிறுத்தினார்கள். எதிரி வந்தால் பீரங்கி நிற்க வேண்டிய இடத்தில், எதிரி வராத நாளெல்லாம் மாவும் தோலும் அரைபட்டன.

மதிலின் வளைவைக் கணக்கிட்டபடி நான் நின்றது மிதிவண்டித் தடத்தில் என்பதை உணரவில்லை. மணியடித்தபடி வந்த ஒருவர் என்னை மோதாமல் விலகி, காலை ஊன்றி நின்று, இது வண்டிகளுக்கான வழி என்று உரத்துச் சொன்னார். அவர் குரலில் கடுமை இருந்ததே தவிர இகழ்ச்சி இல்லை. நான் மன்னிப்புக் கேட்டதும், எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். மதிலை என்றேன். அவர் சற்றும் யோசிக்காமல் கால்வாயின் நீரைச் சுட்டி, அது மட்டும்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த நாட்டில் எவரும் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை என்பதை அன்று முதல்முறையாக அறிந்தேன்.

இரவு உணவு ஒரு சுரிநாம் உணவகத்தில். பயற்றங்காயும் உருளைக்கிழங்கும் கோழியும் அவித்த முட்டையும் வைத்த ரொட்டி, 12 யூரோ. மிளகாய்ச் சம்பலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. குளிரில் நடுங்கி வந்தவனுக்கு அந்த உறைப்பு மருந்துபோல இருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய். ஆம்ஸ்டர்டாம்

நாட்டின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்தின் அச்சோவியப் பிரிவில், முன்கூட்டியே எழுதிக் கேட்டவர்களுக்குப் பெட்டியிலிருந்து தாள்களை எடுத்துக் காட்டுகிறார்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பேனாவை வெளியே விட்டுவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்தேன். நகல்களில் பார்த்துப் பழகியவனுக்கு முதல் வியப்பு அளவுதான். கிளாஸ் யான்சன் விஸ்ஸர் 1611, 1612 அளவில் வெளியிட்ட 'இனிய இடங்கள்' என்ற தொகுதியின் தாள் ஒவ்வொன்றும் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது. மேசைமேல் பரப்பிவைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டார் தலைசேர்த்துப் பார்க்க ஏற்ற அளவு.

ஹார்லெம் நகரைச் சுற்றி நடந்தால் கண்ணில் படுபவை பன்னிரண்டு தாள்களில் வருகின்றன. மணற்குன்றுகள், துணி வெளுக்கும் புல்வெளிகள், வழிப்போக்கர் விடுதிகள், தொழுநோயாளர் இல்லம், கடற்கரையின் தீபக்கம்பம், அவற்றின் நடுவே கிளேஃப் மாளிகையின் இடிபாடு. தொலைதூரம் பயணம் செய்ய நேரமில்லாத கலை விரும்பிகள் இந்த இனிய இடங்களை இங்கேயே கண்டுகொள்ளலாம் என்று தொகுதியின் தொடக்கத்தில் ஒரு செய்யுள் இருக்கிறது. ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்வதற்கென்று செய்த பயணம் அது. அதில் ஒரு கோட்டைச் சிதைவும் 'இனிய இடம்' ஆகிவிட்டது.

எப்படி ஆயிற்று என்பதற்கு ஆண்டுகளே விடை சொல்கின்றன. 1572 டிசம்பரில் ஸ்பானியப் படை ஹார்லெமை வளைத்தது. ஸ்பானியப் படைத்தலைவரான ஆல்பாக் கோமகனின் மகன் டான் ஃபத்ரீக்கே தன் தலைமையிடமாகக் கொண்டது இந்தக் கிளேஃப் மாளிகையைத்தான். ஏழு மாதம் கழித்து, 1573 ஜூலையில், பட்டினியால் நகரம் பணிந்தது. படை அகன்றபோது மாளிகை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. விஸ்ஸர் படம் பொறித்தபோது அந்தக் கொடுமையைக் கண்ணால் கண்ட முதியவர்கள் ஹார்லெமில் உயிரோடு இருந்திருப்பார்கள். 1609இல் தொடங்கி 1621 வரை நீடித்த பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் அப்போது நடப்பில் இருந்தது. நகர வாயிலைத் தாண்டி அஞ்சாமல் மாலையில் உலாவ முடிந்த தலைமுறை அது. சிதைந்த சுவரின் அடியில் நின்று பார்ப்பதே அமைதியின் அடையாளம்தான். போர் நடக்கும்போது அங்கே யாரும் உலாவச் செல்வதில்லை.

அடுத்து வில்லெம் பௌட்டெவெக் 1616இல் வெளியிட்ட சிறு நிலக்காட்சிகளைக் கொண்டுவந்தார்கள். அவரும் கிளேஃப் சிதைவைப் பொறித்திருக்கிறார், ஹேக் நகருக்கு அருகில் இருந்த ஐக்கென்டௌனன் சிற்றாலயத்தின் சிதைவையும் பொறித்திருக்கிறார். நெடிதாகத் தனித்து நிற்கும் மரங்கள் அவர் கைவண்ணம். இதே பௌட்டெவெக் 1615இல் செய்த அரசியல் படம் ஒன்றையும் கேட்டிருந்தேன். அதில் ஒல்லாந்து ஒரு வேலியிட்ட தோட்டம், நடுவே ஒரு கன்னி, காவலுக்குச் சிங்கம், ஏமாற்ற வரும் ஸ்பெயின் ஒரு சிறுத்தை. 'ஒல்லாந்தத் தோட்டம்' என்ற இந்த உருவகம் அக்காலத்து நாணயங்களிலும் முத்திரைகளிலும் வந்தது. இங்கே நாட்டின் கோட்டை என்பது கல் மதில் அல்ல, குச்சிகளைப் பின்னிய ஓர் எளிய வேலி. கோபுரத்தோடு கூடிய வலிமையை எதிரிக்கும் பழைய பிரபுக்களுக்கும் விட்டுவிட்டு, தன் வீட்டுக் கொல்லையின் வேலியைத் தன் அரணாக ஒரு நாடு காட்டிக்கொண்டது என்னை நெகிழவைத்தது. அதற்காக நிலக்காட்சிகளில் வரும் ஒவ்வொரு வேலியையும் நாட்டின் சின்னமாகப் படிக்க நான் உடன்பட மாட்டேன். ஆடு உள்ளே வராமலிருக்கப் போட்ட வேலியும் உலகில் உண்டு. இந்தப் படங்களில் மறைபொருள் உண்டா, இல்லை கண்டதை வரைந்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே கையின் வேலையாகவே பட்டன. இடிந்த சுவரைக் கண்டவர் அதை வரைந்தார், பார்த்தவர் அதன் கதையை ஏற்கெனவே அறிந்திருந்தார். அந்த அறிவை வரைந்து காட்ட வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே விஸ்ஸர், கால்வர் தெருவில் 'மீனவர்' என்ற பலகை தொங்கிய தன் கடையில், முற்றுகைப் படங்களையும் விற்றார். 1629இல் ஸெர்டோகன்பாஸ் நகரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தபோது அது போன்ற படங்கள் சுடச்சுட விற்பனையாயின. அவற்றில் புதிய கொத்தளங்களும் அகழிகளும் ஒன்றுவிடாமல் இருக்கும், ஆனால் பறவை மேலிருந்து பார்ப்பதுபோல, வரைபடமாக. ஆகவே புதிய கோட்டையை அவர்கள் வரையாமல் இல்லை. வெற்றியைச் சொல்லும்போது வானத்திலிருந்து வரைந்தார்கள், நிலத்தில் நின்று வரைந்தபோது இடிந்ததை வரைந்தார்கள்.

கடைசியாக ரெம்பிராண்டின் 'காற்றாலை'. ஆலையின் கைகளுக்குப் பின்னே வானத்தில் மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. தகட்டின்மேல் பூசிய மெழுகுப் பூச்சு வெடித்து, அந்த வெடிப்புகளிலும் அமிலம் புகுந்ததால் ஏற்பட்ட குறை அது. ரெம்பிராண்ட் தகட்டை எறிந்துவிடவில்லை. மழைக்காலத்து வானம் போலவே அது இருந்தது. அன்று ஜன்னலுக்கு வெளியேயும் அதே வானம்தான்.

மதியம் வெளியே வந்தபோது கால் ஈரம் உலரவே இல்லை. ஒரு காப்பிக்கு 3.90 யூரோ, கூடவே ஒரு சிறிய பிஸ்கட் தந்தார்கள்.

அக்டோபர் 9, புதன். ஹார்லெம்

ரயிலில் கால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். ஹார்லெமுக்குப் பன்னிரண்டு வாயில்கள் இருந்தனவாம், இன்று நிற்பது ஆம்ஸ்டர்டாம் வாயில் ஒன்றுதான். கூரிய கோபுரங்களோடு, தெருவின் முனையில், மதில் இரு பக்கமும் அறுந்துபோய்த் தனியே நிற்கிறது. அதனடியில் பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டியில் கூட்டமாகப் போனார்கள். ஸ்பார்ன் ஆற்றங்கரையில் நிற்கும் ஆட்ரியான் என்ற காற்றாலை 1779இல் கட்டப்பட்டது. அதன் அடித்தளம் நகரின் பழைய காவற்கோபுரம் ஒன்றினுடையது. ஆலை 1932இல் எரிந்து, 2002இல் மீண்டும் எழுப்பப்பட்டது. நேற்றுத் தாளில் கண்ட கொத்தளத்து ஆலையை இங்கே கல்லிலும் மரத்திலும் கண்டேன்.

டெய்லர்ஸ் அருங்காட்சியகம் 1784 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. 1646, 1647 ஆண்டுகளில் நாடு முழுவதும் அலைந்து, கோட்டைகளையும் மாளிகைகளையும் இருநூறுக்கும் மேற்பட்ட தாள்களில் வரைந்த ரூலாண்ட் ரோக்மானின் சித்திரங்களில் பல இங்கே இருக்கின்றன. ஒளிபட்டால் மங்கும் தாள்கள் என்பதால் அவை பெட்டிக்குள் இருந்தன, நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர் வரைந்து முடித்த மறு ஆண்டு, 1648இல், எண்பதாண்டுப் போர் முடிந்தது என்பதை நினைத்தபடி முட்டை வடிவ மண்டபத்தின் மேற்கூரை வெளிச்சத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய சகோதரி கேர்த்ரௌட் அவற்றைப் போன்ற அவருடைய சித்திரங்களைத் தகட்டில் பொறித்தவர். அந்த வீட்டில் பெண்ணின் கையும் செப்பைக் கீறியது.

பிற்பகலில் கிளேஃப் மாளிகையைத் தேடினேன். நகரின் வடபகுதியில், பழைய நாற்றங்கால் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது என்று வரைபடம் காட்டியது. நான் எதிர்பார்த்தது விஸ்ஸரும் பௌட்டெவெக்கும் பொறித்த உயரமான சுவரை. கண்டது இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் அடித்தளங்கள், புல், ஈரம். பக்கத்தில், பந்து ஆடுவதற்காகப் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கட்டடம் மட்டும் கூரையோடு நிற்கிறது. தோட்டத்தில் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த வயதான பெண்மணி ஒருவர், படத்தின் நகலை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்து நெடுநேரம் பார்த்தார். தான் நாற்பது ஆண்டாக இந்தத் தெருவில் இருப்பதாகவும், இவ்வளவு சுவர் இருந்ததை அறிந்ததே இல்லை என்றும் சொன்னார். படத்தைத் திருப்பித் தரும்போது, இதில் நிற்கும் மனிதர்கள் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள் என்று கேட்டார். அச்சில் இடமும் வலமும் மாறிவிடக்கூடும் என்பதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தகட்டில் நேராகக் கீறியது தாளில் கண்ணாடிப் பிம்பமாகத்தான் விழும். அவர் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையசைத்து, சுவரின் இரு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

சிதைவும் சிதைந்து போகும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றாத ஒன்று. காலம் எதையும் விட்டுவைக்காது என்பதற்கு அடையாளமாக அக்காலத்தார் பொறித்த சுவர், அந்த அடையாளத்தையும் தாளிடம் ஒப்படைத்துவிட்டுத் தரைமட்டமாகிவிட்டது.

இரவு பட்டாணிச் சூப். கரண்டியை நிறுத்தினால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக, புகையூட்டிய இறைச்சித் துண்டுகளோடு, கறுப்பு ரொட்டியும் சேர்த்து 9 யூரோ. தங்கியிருந்த இடத்தில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்து உலரவைத்தேன்.

அக்டோபர் 10, வியாழன். சான்ட்போர்ட்

ஹார்லெமிலிருந்து அடுத்தடுத்த நிறுத்தங்களில் ஒன்று. அங்கிருந்து மணற்குன்றுகளின் ஓரமாக நடந்தால் பிரெடரோட கோட்டை. வாயில் அன்று பூட்டியிருந்தது. திறக்கும் நாளை நான் சரியாகப் பார்க்காமல் வந்திருந்தேன். ஆனால் அகழியைச் சுற்றி நடக்க வழி உண்டு. வெளியிலிருந்து பார்ப்பதுதான் அச்சோவியர்களின் வழியும், எனவே ஏமாற்றம் நெடுநேரம் நீடிக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய செங்கற்கோட்டை. 1351இலும் 1426இலும் உள்நாட்டுச் சண்டைகளில் தகர்க்கப்பட்டது, மூன்றாவது முறை 1573இல் ஸ்பானியரால் எரிக்கப்பட்டது. இந்தக் குடும்பத்தின் ஹென்ட்ரிக் வான் பிரெடரோட 1566இல், மதத் துன்புறுத்தலை நிறுத்தும்படி கேட்கும் பிரபுக்களின் மனுவை ஆட்சியாளரிடம் கொண்டுசென்றவர்களில் முதல்வர். ஆகவே இதன் சிதைவைப் பார்த்த ஹார்லெம்காரருக்கு ஒரே சுவரில் பல நினைவுகள் கிளர்ந்திருக்கும்: தங்களுக்கென்று பழம்பெருமை உள்ள நாடு, எதிர்த்து நின்ற குடும்பம், எரித்த பகைவன், எல்லாவற்றையும் மூடும் பசுமை. ஓவியர் ஹொப்பெமா 1671இல் இதை வண்ணத்தில் தீட்டினார். லண்டனில் தொங்கும் அந்த ஓவியத்தில் நீரும் வாத்துகளும் இருக்கின்றன. நான் நின்றபோதும் அகழியில் வாத்துகள் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு இதன் சுவர்களைச் சீரமைத்தது. செய்தவர்களின் நோக்கம் நல்லதே. ஆயினும் புதிய செங்கல் எங்கே தொடங்குகிறது என்று தேடியபடி நின்றபோது, மனத்தில் ஒரு சங்கடம். சிதைவைச் சிதைவாகவே நிலைநிறுத்துவது ஒரு பெரும் வேலை. ஊர்க்காரர்கள் அந்த வேலையை அக்கறையோடு செய்கிறார்கள் என்பதை வெட்டிய புல்லிலிருந்தே அறிய முடிந்தது.

மழை வலுத்தது. நாயோடு வந்த ஒருவர் தன் பெரிய குடைக்குள் என்னையும் அழைத்து, நிலையம் வரை கூட்டிச் சென்றார். வழியெல்லாம் பேசவே இல்லை. நிலையத்தில் கைகுலுக்கி, நல்ல பயணம் என்று சொல்லித் திரும்பி நடந்தார். அவர் வீடு நிலையத்துக்கு எதிர்த்திசையில் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

அக்டோபர் 11, வெள்ளி. நார்டன்

நார்டனை வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஆறு கொத்தளங்கள், இரட்டை அகழி, நீரின் நடுவே ஒரு நட்சத்திரம். நிலையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து நெருங்கியபோது எனக்குத் தெரிந்ததோ ஒரு புல்மேடு, ஓர் ஓடை, மரங்களுக்கு மேலே தேவாலயக் கோபுரம். கோட்டை எங்கே என்று கேட்க வாயெடுத்தபோது நான் அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கொண்டுவந்த கேள்விக்கு இந்தப் புல்மேட்டில் பாதி விடை கிடைத்தது. பீரங்கி வந்தபின், உயர்ந்த கல்மதில் அடிபட்டால் நொறுங்கிச் சரியும், தாழ்ந்த மண்மேடு குண்டை விழுங்கிக்கொள்ளும். ஆதலால் புதிய அரண் தன்னைத் தரையோடு ஒளித்துக்கொண்டது. தொடுவானத்தை நம்பி வாழும் நிலக்காட்சிக் கலைஞனுக்கு அது கண்ணுக்கே தெரியாத பொருள். அதன் அழகெல்லாம் அளவுகோலில், பொறியாளன் மேசையில்தான் இருந்தது. கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1594இல் கோட்டை கட்டும் முறையைக் கணிதமாக எழுதியது இந்த நாட்டில்தான். கண்ணுக்குக் கோட்டையாகத் தெரிவது பழைய கோபுரம், உண்மையில் காப்பது புல்மேடு. படத்தில் இடம்பெற்றதும் பெறாததும் இந்தப் பிளவின் வழியேதான்.

ஊரின் உள்ளே 'ஸ்பானிய வீடு' என்ற கட்டடத்தின் முகப்பில், 1572 டிசம்பர் 1ஆம் நாளின் படுகொலையைக் காட்டும் கற்சிற்பம் இருக்கிறது. சரணடைந்த ஊராரைக் கூடவைத்து டான் ஃபத்ரீக்கேயின் படை கொன்றது, ஊரை எரித்தது. இன்று நாம் காணும் நட்சத்திரம் அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. 1672இல் பிரெஞ்சுப் படை நார்டனைப் பிடித்தது, மறு ஆண்டு ஒல்லாந்தரின் தலைவர் மூன்றாம் வில்லியம் மீட்டார், அதன் பிறகே 1675 முதல் பத்தாண்டு வேலையில் இந்த வடிவம் எழுந்தது. துர்ப்போர்ட் கொத்தளத்தில் உள்ள அருங்காட்சியகத்தின் நிலவறைகளில் குனிந்து நடந்தேன். செங்கல் வளைவுகளில் தண்ணீர் சொட்டியது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். அங்கே நாங்கள் இவர்களை ஒல்லாந்தர் என்றுதான் சொல்வோம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பழைய கோட்டையை இடித்து இவர்கள் கட்டிய ஐங்கோணக் கோட்டையின் கொத்தளங்களுக்கு ஹொலந்து, சீலந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து என்று இந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். மண்மேடு இங்கே, பவளக்கல் அங்கே. மற்றபடி சரிவின் கோணமும் கொத்தளத்தின் தோளும் என் கால்களுக்கு முன்பே தெரிந்திருந்தன. உள்நாட்டுப் போரில் அந்தக் கோட்டை முற்றுகையிடப்பட்ட 1990இல் எனக்குப் பதினைந்து வயது. அந்தச் சுவர்கள் உடைந்ததையும் உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் அழிந்ததையும் என் தலைமுறை அறியும். பல ஆண்டு கழித்து, கல் குவியலின்மேல் ஆடாதோடையும் எருக்கும் முளைத்திருந்த இடத்தில், மாலையில் குடும்பங்கள் காற்று வாங்க வருவதைக் கண்டேன். பௌட்டெவெக்கின் சிறு படத்தை அதன் பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏன் அது எனக்குப் பிடித்தது என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு வேற்றுமையை மறைக்கக் கூடாது. கிளேஃப் சிதைவு ஹார்லெம்காரருக்குத் தம்மை ஒடுக்க வந்தவன் தங்கிய இடம், யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டியவரோ இந்த ஹார்லெம்காரரின் பேரர்கள்.

இரவு அக்காவிடம் தொலைபேசியில் நார்டனைப் பற்றிச் சொன்னேன். "அங்கையும் பின்னேரத்தில சனம் மேலே ஏறி நடக்குதோ?" என்று கேட்டார். நடக்கிறார்கள், நாயோடும் பிள்ளைகளோடும், என்றேன். "அப்ப சரி" என்றார்.

அக்டோபர் 12, சனி. லெய்டன்

மழை விட்டிருந்தது, காற்று மட்டும் விடவில்லை. சனிச் சந்தை ரைன் வாய்க்காலின் இரு கரையிலும் நீண்டிருந்தது. வாலைப் பிடித்துத் தலையை அண்ணாந்து ஹெர்ரிங் மீனை விழுங்குவதை நான் முயலவில்லை. வெங்காயத்தோடு துண்டுகளாக்கித் தரச் சொன்னேன், 4.50 யூரோ. விற்றவர் நான் முதல் துண்டை உண்டு முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகே அடுத்தவரைக் கவனித்தார்.

ரெம்பிராண்ட் 1606இல் பிறந்த வெட்டெஸ்டேக் சந்து மேற்கு மதிலை ஒட்டியது. அவருடைய தந்தையின் மாவாலை அந்த மதிலின்மேல்தான் நின்றது. மதிலின் மேட்டில் ஆலை சுற்றுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அவர். பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் கொத்தளத்து ஆலையைத் தகட்டில் கீறியபோது, அரண் என்ற சொல்லைவிட வீடு என்ற சொல்லே அவர் மனத்தில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அருகில் பழைய முறையில் மீண்டும் கட்டிய ஓர் ஆலை நிற்கிறது. கைகளின் பாய்த்துணி காற்றில் படபடத்தது.

நகரின் நடுவே பதினொன்றாம் நூற்றாண்டில் மனிதர் குவித்த மண்குன்றும் அதன்மேல் வட்டமான மதிலும் இருக்கின்றன, 'பர்க்ட்' என்பார்கள். மேலேறிச் சுற்றி நடந்தால் கூரைகளுக்கு அப்பால் தட்டை நிலம் தெரிகிறது. 1573இலும் 1574இலும் ஸ்பானியர் லெய்டனை வளைத்தபோது, நகரைக் காப்பாற்றியது இந்த மதிலும் அல்ல, எந்த மதிலும் அல்ல. ஸ்பெயினை எதிர்த்தவர்களின் தலைவரான ஒரேஞ்சு வில்லியத்தின் ஆணைப்படி கரைகளை வெட்டி, வயல்களில் கடலையும் ஆற்றையும் புகவிட்டு, தட்டையடிப் படகுகளைக் கொண்டுவந்தார்கள். 1574 அக்டோபர் 3ஆம் நாள் உணவு வந்து சேர்ந்தது. தங்கள் விளைநிலத்தைத் தாங்களே மூழ்கடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுப் படை வந்தபோது அதையே நாட்டளவில் செய்தார்கள்: நடந்து கடக்க முடியாத ஆழம், கப்பல் செல்லப் போதாத ஆழம்.

இதை நினைத்தபோது என் கேள்வியின் மறுபாதி அவிழ்ந்தது. விஸ்ஸரும் பௌட்டெவெக்கும் ரெம்பிராண்டும் பொறித்த படங்களில் கோட்டையைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். புல்வெளி, வாய்க்கால், கரை, மதகு, நீர் இறைக்கும் ஆலை என்று நான் நிலம் என எண்ணிக் கடந்துபோனவையெல்லாம் வேண்டும்போது அரணாக மாறக்கூடியவை. அதை அந்தப் படங்களை வாங்கிய ஒவ்வொருவரும் அறிவார். இடிந்த கோபுரம் முடிந்துபோன வலிமை. அதைச் சுற்றிக் கிடக்கும் ஈர வயலே நடப்பிலிருந்த வலிமை. ஒரே தாளில் இரண்டும் இருக்கின்றன, நான்தான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

முற்றுகை விலகிய 450ஆம் ஆண்டு விழா கடந்த வாரம்தான் முடிந்திருந்ததால், உணவகங்களில் இன்னும் ஹுட்ஸ்பாட் இருந்தது. காரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மசித்து, மேலே இறைச்சி வைத்தது, 16.50 யூரோ. ஸ்பானியர் கைவிட்டுப் போன லாமன் அரணுக்குள் சென்ற சிறுவன் ஒருவன் சூடு ஆறாத குழம்புப் பானையைக் கண்டான் என்பது ஊர்க்கதை. அந்தப் பானை என்று சொல்லப்படும் ஒன்றை லாகன்ஹால் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பரிமாறிய இளம்பெண், உப்புப் போதாதென்றால் கேளுங்கள், எங்களில் பலருக்கும் போதாது என்றார். உண்மையில் போதவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணி ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபுறமும் வயல்கள், ஒவ்வொரு வயலையும் பிரித்துச் செல்லும் நீர்க்கால்கள், அவற்றில் கொக்குகள். வெயில் தாழ்ந்து நீர் முழுவதும் வெள்ளியாக இருந்தது. ஆம்ஸ்டர்டாம் வரும் வரை நான் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலான இடங்களில் அது புல்லுக்கு ஒரு முழத்துக்கும் குறைவாகவே கீழே இருந்தது.